பேரில் மட்டும் இருந்தவள்

நான் பேய் பிசாசு நம்புகிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை எழுதும்போதுகூட எனக்கு என் மேலேயே கோபம்தான் வருகிறது.

1996-ஆம் வருஷம், ஐப்பசி. திருவையாற்றிலிருந்து வந்த டவுன் பஸ் என்னை வாய்க்கால் பாலத்தில் இறக்கிவிட்டுப் போனபோது மதியம் இரண்டு மணி இருக்கும். மழை விட்டிருந்தது. வானம் மட்டும் தாழ்ந்து, கறுத்து, அப்படியே நின்றது. ஒரு கையில் ஐஸ் பெட்டி, இன்னொரு கையில் குடை, தோளில் படிவங்கள் வைத்த பை. நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. தவளைச் சத்தம்கூட இல்லை. ஐப்பசியில் தவளை கத்தாத வயலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. டாக்டர் ஜெக்கரியா என்ற மூளை நிபுணரிடம், வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பதும் குடும்பக் கதை கேட்டு எழுதுவதும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஓர் இடம் பலவீனமாகி, சைக்கிள் டியூப் புடைப்பது போலப் புடைத்துக்கொள்ளும். உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. ஒருநாள் வெடிக்கும். பின்மண்டையில் யாரோ ஓங்கி அடித்தது போல ஒரு வலி, அவ்வளவுதான், பாதிப் பேர் பிழைப்பதில்லை. சில குடும்பங்களில் இது பிறப்போடு இறங்கி வருகிறது. அது எந்தக் கிளையில் எப்படி இறங்குகிறது என்று டாக்டர் தேடிக்கொண்டிருந்தார்.

அதற்கு ஒரு கொடிவழிப் படம் வரைய வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவர் என்றால் உள்ளே கறுப்பாக நிரப்ப வேண்டும். இறந்தவர் என்றால் குறுக்கே ஒரு கோடு. பெற்றவர், கூடப்பிறந்தவர், பிள்ளை என்ற நெருங்கிய உறவில் இரண்டு பேருக்காவது இது வந்திருந்தால், மிச்சம் இருக்கிறவரைச் சென்னைக்கு அனுப்பி இலவசமாக ரத்தக்குழாய்ப் படம் எடுப்போம். ஒருவருக்கு மட்டும் என்றால் கிடையாது. இருந்த இடங்கள் குறைவு.

நான் தேடிப் போன வீடு ஒரு காலத்தில் மிராசுதார் வீடு. இப்போது முன்கட்டில் ஓடு சரிந்து, அங்கே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அந்த வீட்டு மூத்த மகன் சிங்காரவேலு, ஐம்பத்திரண்டு வயது, எங்கள் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து புரட்டாசியில் இறந்துபோயிருந்தார். மிச்சம் இருந்தது தம்பி நடராசன். அவர்தான் வாசலுக்கு வந்தார்.

“வாங்க, வாங்க. நனையாம வந்தீங்களா? பிரகதம், அம்மாவுக்குத் துண்டு கொண்டா.”

நடராசனுக்கு நாற்பத்தெட்டு வயது. சிரித்த முகம். அவர் மனைவி பிரகதாம்பாள் சிரிக்கவில்லை. துண்டைக் கொடுத்துவிட்டுத் தூணோரம் நின்று என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணன் சாப்புட்டுக்கிட்டு இருந்தாருங்க. திடீர்னு திரும்பிப் பாத்து, ‘யாருடா அடிச்சது?’ன்னாரு. பின்னால செவருதான் இருந்துச்சு. அப்படியே சாஞ்சுட்டாரு,” என்றார் நடராசன்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அப்பா, எண்பத்தொரு வயதில், வயசாகி. அம்மா, காமாலையில். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் இப்படி யாரும் போனதில்லை. கூடப்பிறந்தவர்கள்?

“நாங்க ரெண்டே பேருங்க.”

இரண்டு சதுரம் போட்டேன். ஒன்றைக் கறுப்பாக்கினேன். விதியைச் சொன்னேன்.

“அப்ப நமக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க,” என்று நடராசன் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“எதுக்கு மறைக்கிறீங்க?” என்றார் பிரகதாம்பாள். “முந்தாநேத்து வரப்புல நின்னவரு, பிடரியப் புடிச்சிக்கிட்டு அப்படியே சேத்துல உக்காந்துட்டாரும்மா. யாரோ தட்டின மாதிரி இருந்துச்சாம். சாயங்காலம் சரியாப் போச்சு. ஆனா அவுக அண்ணனுக்கும் ஒரு மாசம் முன்னாடி இப்படித்தான் ஒருதரம் வந்துச்சு.”

பேனாவைக் கீழே வைத்தேன். வெடிப்பதற்கு முன்னால் சிலருக்கு லேசாகக் கசியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். போய்விட்டுத்தான் வந்தார்களாம். பிரஷர் என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். அந்தப் படம் எடுக்கும் மெஷின் எங்கள் ஆஸ்பத்திரியிலும் இல்லை; சென்னையில் காசு கொடுத்து எடுக்க அவர்களுக்கு வழியில்லை.

பிரகதாம்பாள் உள்ளே ஓடினார். ஒரு தகரப் பெட்டியைத் தூக்கி வந்து, பழுத்த காகிதம் ஒன்றை என் மடியில் விரித்தார். கிராமத்துச் சாவுப் பதிவின் நகல். நாகம்மாள், வயது இருபத்துநான்கு, தகப்பனார் பெயர் வைத்தியலிங்கம். 1973, ஆனி மாதம். காரணம்: திடீர்த் தலைவலி.

“வைத்தியலிங்கம் எங்க மாமனாரு. அப்ப இவருக்குக் கூடப்பொறந்தது இன்னொண்ணு இருக்குல்ல? ரெண்டு ஆச்சுல்ல?”

நடராசன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“அட, பைத்தியமே. அம்மா, நீங்க கேளுங்க. எழுபதுல நெல உச்சவரம்பைப் பதினஞ்சு ஏக்கராவாக் கொறச்சானுங்க இல்ல? அப்ப இந்த ஜில்லாவுல நாய்க்கும் மாட்டுக்கும் பேர் வச்சு நெலம் எழுதினாங்க. எங்கப்பா அந்த அளவுக்குப் போவல. ஒரு மகளை உண்டாக்கினாரு. நாகம்மாள்னு பேரு, இருபத்தோரு வயசு. கைநாட்டுக்கு என்ன பண்ணினாரு தெரியுமா? தன் கால் கட்டைவிரல மையில தோச்சு வச்சாரு!”

“அப்புறம் எதுக்குச் சாவு?”

“பண்ணை ஆளுங்க சங்கத்துல எவனோ மனு குடுத்துட்டான், அப்படி ஒரு பொண்ணே இல்லன்னு. தாசில்தாரு நேர்ல பாக்கணும்னு ஓலை விட்டாரு. பாக்கணும்னா எங்க போறது? கொன்னுட்டாரு அப்பா. தலைவலின்னு எழுதுங்கன்னு மணியக்காரர்கிட்டச் சொல்லிட்டாரு. விசாரணை அதோட நின்னுச்சு.”

“காயிதத்துல இருக்குல்லம்மா,” என்றார் பிரகதாம்பாள். சட்டென்று குனிந்து என் பாதத்தைத் தொட்டார். நான் பதறிக் காலை இழுத்துக்கொண்டேன். “நீங்க எழுதினா போதும். இந்த மனுசன் பொழச்சுக்குவாரு.”

“இல்லாதவளை வச்சு நெலத்தக் காப்பாத்துனோம். உசுரயுமா காப்பாத்தணும்?” என்று சொல்லிவிட்டு, மடை திறக்க மண்வெட்டியோடு நடராசன் கிளம்பினார். அதற்கு முன் இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டேன். இறந்த அண்ணனின் ரத்தத்தோடு ஒப்பிட நடராசனுடையது. கூடவே வழக்கப்படி மனைவியுடையதும். இரண்டு குழாய். நானே பேர் எழுதி ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து மூடினேன்.

பிரகதாம்பாள் காபி போடப் போனார். கூடத்தில் நான் மட்டும். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தார்ப்பாயில் விழும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

பொய் எழுதுவது எனக்குப் பிடிக்காது. பொய்யை எழுதினால் டாக்டரின் ஆராய்ச்சி பாழாகும். ஆனால் மனிதர் பிடரியைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருக்கிறார். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு சதுரத்துக்கும் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டேன். மேலே இருந்த கோட்டோடு சேர்த்தேன். கீழே நாகம்மாள் என்று எழுதினேன்.

பின்னால் யாரோ வந்து நின்றது தெரிந்தது. பிரகதாம்பாள்தான் காபி கொண்டுவந்துவிட்டார் என்று நினைத்தேன். காபி வாசம் வரவில்லை. பல வருஷமாகத் திறக்காத பத்திரக் கட்டைத் திறந்தால் வருமே, அந்த நெடி. கூடவே முத்திரை மையின் வாசம்.

தகரப் பெட்டியிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“சரியாத்தானே போட்டிருக்கேன்?” என்று திரும்பாமலே கேட்டேன்.

“கறுப்பு அடிங்க.”

மெல்லிய குரல். சளி கட்டிய தொண்டையிலிருந்து வருவது போல, பேசிப் பழக்கம் இல்லாத குரல். நான் வட்டத்தைக் கறுப்பாக நிரப்பினேன்.

“குறுக்குக் கோடும் போடணும்ல?”

குறுக்குக் கோட்டைப் போட்டேன். பேனா காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

“சர்க்கரை எவ்வளவு போடட்டும்மா?”

பிரகதாம்பாளின் குரல். அடுக்களையிலிருந்து, இரண்டு கட்டு தள்ளி.

நான் திரும்பிப் பார்த்தேன். சுவர். அதில் கணுக்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. அவ்வளவுதான்.

காபியைக் குடித்ததாக நினைவில்லை. பாலத்துக்கு எப்படி நடந்து வந்தேன் என்பதும் நினைவில்லை. பஸ் நிற்கும் கொட்டகையில் ஒரு பெரியவர் குந்தியிருந்தார். எழுபது வயது இருக்கும். தோளில் வெளுத்துப்போன சிவப்புத் துண்டு. என் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார்.

“மிராசு வீட்டுலேருந்தா வர்றீங்க?”

தலையாட்டினேன்.

“எம்பேரு மருதையன். அறுபத்தெட்டுலேருந்து இங்க ஆளுங்க சங்கத்துக்கு நான்தான் தலைவரு. நாகம்மாள்னு ஒருத்தி இல்லவே இல்லன்னு மனு குடுத்ததும் நான்தான்.” நனைந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “இப்ப பாக்குறதும் நான்தான்.”

“என்ன பாக்குறீங்க?”

“அவளத்தான். பட்டப்பகல்ல. அவ பேருல எழுதின வயல் தாக்குல. நடவு நேரத்துல பொம்பளைங்க வரிசையா குனிஞ்சிருப்பாங்க. எண்ணிப் பாத்தா ஒரு ஆளு கூட வரும். மறுபடி எண்ணினா சரியா இருக்கும். நடவு ஆளுங்க அந்தத் தாக்குல எறங்க மாட்டேங்குறாங்க. பத்து வருசமாச்சு.”

“பொறக்காதவ எப்படிங்க வருவா?” எனக்கு எரிச்சலாக வந்தது. பயந்தால் எனக்கு எரிச்சல் வரும்.

“அதான் சொல்றேன். சாவுன்னு எழுதினா போதுமா? ஊரு நம்பணும்ல, தாசில்தாரு விசாரிப்பாருல்ல. பதினாறாம் நாளு காவிரிக் கரையில கருமாதி பண்ணினாங்க. பிண்டம் வச்சாங்க. அப்பன் பேரு, பாட்டன் பேரு எல்லாம் சொல்லி, நாகம்மா, வந்து வாங்கிக்கன்னு மூணு தரம் கூப்புட்டாரு பெரிய மிராசு. நான் அக்கரையில நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தேன். எங்க வீடுங்கள்ல நெசமாச் செத்தவங்களுக்கு வச்சாகூட காக்கா வர நேரமாவும். அன்னிக்கு வச்ச கை எடுக்கல, காக்கா வந்து தூக்கிட்டுப் போச்சு. சிரிப்பு நின்னுபோச்சு எனக்கு.”

பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

“பசியோட எங்கயோ கெடந்ததைப் பேரு சொல்லிக் கூப்புட்டு, சோறும் போட்டு, எம்பொண்ணுன்னும் சொல்லிட்டாங்க. அது வந்துருச்சு. முதல்ல நெலத்துக்கு எழுதினாங்க. அப்புறம் சாவுக்கு எழுதினாங்க.” என் பையைப் பார்த்தார். “நீங்க இன்னிக்கு எதுக்கு எழுதினீங்க?”

நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்து ஐஸ் பெட்டியைத் திறந்தேன். லேப் ஆள் மீரா உசேன் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நடராசன் குழாயை எடுத்துக் கொடுத்தேன். பிரகதாம்பாள் குழாயை எடுத்துக் கொடுத்தேன்.

“மூணாவது?” என்றார் அவர்.

ஐஸுக்கு நடுவில் இன்னொரு குழாய் இருந்தது. சீட்டில் என் கையெழுத்து. நாகம்மாள்.

கையில் எடுத்தேன். சூடாக இருந்தது.

கீழே போட்டு உடைத்திருக்கலாம். அதற்குள் மீரா உசேன் வாங்கி நோட்டில் பதிந்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நடராசனின் சென்னைப் பயணம் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான்.

கார்த்திகையில் நடராசன் சென்னைக்குப் போனார். படத்தில் தெரிந்தது. இடது பக்கம், ஒரு நெல்மணி அளவுக்குப் புடைப்பு, ஒரு முனையில் கசிந்திருந்தது. இன்னும் ஒரு வாரம் தாங்கியிருக்காது என்றார்களாம். மண்டையைத் திறந்து, புடைப்பின் அடியில் உலோகக் கவ்வி போட்டு மூடிவிட்டார்கள். பிழைத்துவிட்டார். பிரகதாம்பாள் ஆஸ்பத்திரிக்கே போன் செய்து அழுதார். நானும் அழுதேன். ஒரு பொய், ஓர் உயிர். நான் செய்தது சரிதான் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

தை மாதம் மறுபடி போன் வந்தது.

“நல்லா இருக்காரும்மா. ஆனா ஒண்ணு. மயக்கம் தெளிஞ்சதும் ‘நாகு எங்க?’ன்னு கேட்டாரு. தலைமாட்டுல உக்காந்திருந்தாளேன்னாரு. மருந்து வேகம்னு விட்டுட்டேன். இப்ப தெனம் அவளப் பத்தியே பேசுறாரு. சின்ன வயசுல ரெண்டு பேரும் வாய்க்கால்ல நண்டு புடிச்சாங்களாம். அவளுக்குக் காதுகுத்தின அன்னிக்கு இவரு மடியிலதான் உக்காந்தாளாம். நீங்கதான பொய்யின்னு சொன்னீங்கன்னு கேட்டா, ‘என் தங்கச்சியப் பாத்து யாருடி பொய்யின்னா?’ன்னு அடிக்க வர்றாரு.”

மாசியில் டாக்டர் ஜெக்கரியா என்னைக் கூப்பிட்டார். வெளியூர் லேபிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. சிங்காரவேலு இறக்கும் முன் எடுத்து வைத்த ரத்தமும் அதில் சேர்ந்திருந்தது.

“அருமையான குடும்பம், சாவித்திரி. இந்த மூணு பேரும் ஒரே தாய் தகப்பனுக்குப் பொறந்தவங்க, சந்தேகமே இல்ல. நாம தேடுறது மூணு பேர்கிட்டயும் ஒரே இடத்துல இருக்கு.” கண்ணாடியைக் கழற்றினார். “ஆனா இந்த நாகம்மாள் எழுபத்துமூணுல இறந்துட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. ரத்தம் எப்படி எடுத்தீங்க?”

தப்பாக எழுதிவிட்டேன் என்றேன்.

“அப்ப இருக்காங்களா?”

“இருக்காங்க, டாக்டர்.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. எழுதியதைவிட அதுதான் பெரிய தப்பு என்று இப்போது தோன்றுகிறது. டாக்டர் என் கண்ணெதிரே வெள்ளை மையை எடுத்து, வட்டத்தின் குறுக்கே நான் போட்ட கோட்டை அழித்தார்.

பங்குனி ஏழாம் தேதி, பகல் பதினொரு மணி. ஆபீசில் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். யாரோ என் பின்மண்டையில் ஓங்கித் தட்டினார்கள்.

திரும்பிப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வலி அரை மணி நேரத்தில் இறங்கியது. பயம் இறங்கவில்லை. எங்கள் வீட்டில் இந்த நோய் கிடையாது. அப்பா பாம்பு கடித்துப் போனார். அம்மா வேதாரண்யத்தில் கல்லு மாதிரி இருக்கிறாள், அறுபத்தேழு வயதில் நாலு தெரு நடந்து மீன் வாங்கி வருவாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். அம்மாவிடம் சொன்னால் கிளம்பி வந்துவிடுவாள். என் வீட்டுக்காரர் துபாயில். மகள் எழிலரசிக்கு எட்டு வயது. அவளைப் பக்கத்து வீட்டு சைத்தூன் பீவியிடம் இரண்டு நாளைக்குப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மீட்டிங் என்று பொய் சொல்லிச் சென்னைக்கு ரயில் ஏறினேன். தன்னந்தனியாகத்தான் போனேன்.

என்னை யாருக்கும் தெரியாத ஆஸ்பத்திரி. நெளியும் கறுப்பு வெள்ளைப் படங்களை விளக்குக்கு எதிரே மாட்டிவிட்டு இளவயது டாக்டர் ஒருவர் என்னை உட்காரச் சொன்னார்.

“புடைப்பு இருக்குங்க. சின்னதுதான். இடது பக்கம். நல்லவேளை, வெடிக்கலை. சரிபண்ணிடலாம்.”

அவர் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். நடராசன் படத்தில் பார்த்த அதே இடம். அடுத்து அவர் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது? நூறு வீட்டில் நான் கேட்ட கேள்வி. என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் கேட்கவில்லை.

“குடும்ப விவரம் எல்லாம் எழுதியாச்சு. நீங்க உள்ள படுத்திருந்தப்ப உங்க அம்மாகிட்டயே கேட்டுட்டேன். பாவம், அவங்களுக்கே இருபத்துநாலு வயசுல வந்துச்சாமே? அண்ணனுங்க ரெண்டு பேருக்கும்கூட. நல்ல ஞாபகம் அவங்களுக்கு.”

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெளியே பெஞ்சு காலியாக இருந்தது.

“எங்க அம்மா வேதாரண்யத்துல இருக்காங்க, டாக்டர்.”

அவர் தாளை என் பக்கம் திருப்பினார். மேலே ஒரு வட்டம், கறுப்பாக. அதிலிருந்து இறங்கும் கோட்டில் இன்னொரு வட்டம், அதுவும் கறுப்பு, என் பேர். அதற்கும் கீழே மூன்றாவதாக ஒன்று, இன்னும் நிரப்பாமல்.

“பேத்தி எழிலரசிதானே? எட்டு வயசுன்னாங்க. பிற்பாடு அவளையும் ஒருதரம் பாத்துடணும்,” என்றார் டாக்டர். தாளை மடித்துக் கவரில் போட்டார். “உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம், புள்ளை அங்க தனியா இருக்கு, நான் முன்னாடி போறேன்னு சொல்லிட்டு இப்பத்தான் கிளம்பினாங்க.”